ஏப்ரல் 7, நியூயார்க்: ஒரு தேதியின் வானிலைக் கணக்கு

நியூயார்க் நகரின் சென்ட்ரல் பார்க் வானிலை நிலையத்தில் ஏப்ரல் 7-ஆம் தேதிக்கு இரண்டு எண்கள் எதிரெதிரே நிற்கின்றன. அந்தத் தேதியில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 21 டிகிரி பாரன்ஹீட், ஆண்டு 1982. மிக அதிகம் 92 டிகிரி, ஆண்டு 2010. நமக்குப் பழகிய செல்சியஸில் முதலாவது உறைநிலைக்கு 6 டிகிரி கீழே, இரண்டாவது 33.3. ஒரே ஊர், ஒரே தேதி, 28 ஆண்டு இடைவெளி, ஏறத்தாழ 39 டிகிரி செல்சியஸ் வித்தியாசம். அன்றைக்கு வழக்கமாக இருக்கவேண்டிய பகல் வெப்பம் 58 பாரன்ஹீட்டை (14 செல்சியஸ்) ஒட்டியது. அந்த வழக்கமான எண்ணை நம்பி ஒரு ஸ்வெட்டரோடு கிளம்பியவர் 1982-இல் விறைத்திருப்பார், 2010-இல் வியர்த்திருப்பார்.

இந்த இரண்டு எண்களையும் சரியாகப் படிக்க, அவை எங்கே, எந்தக் கருவியில், எந்தக் கடிகாரப்படி எடுக்கப்பட்டவை என்று தெரிந்திருக்க வேண்டும். அதற்கு முன் ஒரு சொல் தகராறு. ஆங்கிலத்தில் 'ரெக்கார்ட்' என்று ஒரே சொல்லால் சொல்வதைத் தமிழ் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது: பதிவு வேறு, சாதனை வேறு. தினமும் எழுதிவைப்பது பதிவு. அந்தப் பதிவுகளிலேயே உச்சத்திலோ அடியிலோ நிற்பது சாதனை. நாளிதழ்களில் 'இன்று 34 டிகிரி பதிவானது' என்பதும் 'சாதனை வெப்பம்' என்பதும் ஒன்றுக்கொன்று மாற்றி அச்சாவது சாதாரணம். இந்தக் கட்டுரையில் இரண்டையும் பிரித்தே சொல்கிறேன்.

ஒரு தேதிக்கு ஒரு சாதனை என்றும் நினைத்துவிடக் கூடாது. அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவையின் பட்டியலில் ஒவ்வொரு தேதிக்கும் குறைந்தது ஆறு வரிகள் உண்டு. பகல் உச்சங்களில் மிக உயர்ந்தது, மிகத் தாழ்ந்தது; இரவுக் குறைவுகளில் மிகத் தாழ்ந்தது, மிக உயர்ந்தது; அதிக மழையளவு; அதிகப் பனிப்பொழிவு. 'பகல் உச்சங்களிலேயே மிகத் தாழ்ந்தது' என்பது படிக்கும்போது தலை சுற்றும், ஆனால் வாழ்க்கைக்கு நெருக்கமானது அதுதான். காலை ஐந்து மணிக் குளிரைத் தூங்கிக் கழித்துவிடலாம். மத்தியானமும் சூடேறாத நாளை அப்படிக் கழிக்க முடியாது.

1982-க்கு வருவோம். கதை முந்தைய நாளே தொடங்குகிறது. ஏப்ரல் 6, செவ்வாய்க்கிழமை. வடக்கே கனடாவிலிருந்து இறங்கிய ஆர்க்டிக் காற்று நியூயார்க் வட்டாரத்தை மூடியிருந்தது. அதே நேரம் அட்லாண்டிக் கரையை ஒட்டி ஒரு தாழ்வழுத்தம் வேகமாக வலுத்தது. கடலின் ஈரம் மேலே, உறைந்த காற்று கீழே. சென்ட்ரல் பார்க்கில் அன்று ஒரே நாளில் 9.6 அங்குலப் பனி விழுந்தது, அதாவது 24 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். நடுவே இடியும் இடித்தது. பனியோடு இடி கேட்பது அரிது. மேகத்துக்குள் காற்று எவ்வளவு வேகமாக மேலேறியது என்பதற்கு அதுவே சாட்சி. அன்றைக்கு நடக்கவேண்டிய யாங்கீஸ் பேஸ்பால் அணியின் உள்ளூர் முதல் ஆட்டம் தள்ளிப்போனது.

மறுநாள் காலைதான் 21 டிகிரி. புயல் நகர்ந்ததும் வடமேற்கிலிருந்து வறண்ட குளிர்காற்று. தரையில் புதுப்பனி. புதுப்பனி தன்மேல் விழும் வெயிலில் 80 சதவீதத்துக்கு மேல் திருப்பி அனுப்பிவிடும். இரவில் தன் சூட்டை வானத்துக்கு விரைவாக விடும். கீழே இருக்கும் மண்ணின் வெப்பம் மேலே வராதபடி கம்பளிபோல மூடியும் வைக்கும். மூன்றும் ஒரே திசையில் வேலை செய்யும். ஆக, 7-ஆம் தேதியின் குளிர்ச் சாதனையைப் பாதி சம்பாதித்துக் கொடுத்தது 6-ஆம் தேதியின் பனி. தனித் தேதியின் பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு இந்தத் தொடர்பு தெரியாது. சாதனைப் பட்டியலில் ஒரு எண்ணைப் பார்த்தால் முதலில் அதன் முந்தைய நாளைத் திறந்து பார்ப்பது நல்ல பழக்கம்.

ஏப்ரல் பனி நியூயார்க்குக்குப் புதிதுமல்ல. 1915 ஏப்ரல் 3, 4 தேதிகளில் 10 அங்குலத்துக்கு மேல் விழுந்திருக்கிறது. 2003-இல் இதே ஏப்ரல் 7 அன்று பனி பெய்து யாங்கீஸ் அணியின் உள்ளூர் முதல் ஆட்டத்தை மறுபடியும் ஒருநாள் தள்ளிப்போட்டது. அந்த அணியின் அட்டவணை போடுகிறவர்களுக்கு ஏப்ரல் முதல் வாரத்தோடு பழைய பகை இருக்கும்போல.

2010 வேறு வகை. அதற்கு முந்தைய மார்ச்சில் சென்ட்ரல் பார்க்கில் 10.69 அங்குல (271 மில்லிமீட்டர்) மழை கொட்டியிருந்தது. ஈர மண் வெயிலின் சக்தியை ஆவியாக்குவதில் செலவழிக்கும், அதனால் காற்று அவ்வளவாகச் சூடேறாது என்பது பாடநூல். அந்தப் பாடத்தையும் மீறி ஏப்ரல் 7-ஆம் தேதி 92 தொட்டது. இந்த நகரம் வழக்கமாக 90-ஐ மே கடைசியிலோ ஜூனிலோதான் பார்க்கும். இங்கே காரணம் மண்ணல்ல, மேலே வந்த காற்று. தென்மேற்கிலிருந்து கண்டத்தின் உட்பகுதி வெப்பம் வந்து சேர்ந்தது. நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று கடற்காற்றை உள்ளே விடாது. மேற்கே அப்பலேச்சிய மலைகளிலிருந்து இறங்கி வரும் காற்றென்றால் இன்னும் சூடேறும்: வறண்ட காற்று ஒரு கிலோமீட்டர் இறங்கினால் ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸ் ஏறுவது இயற்பியல். பூங்காவின் பெரும்பாலான மரங்கள் அந்த வாரம் இன்னும் முழு இலை விட்டிருக்கவில்லை. நிழலும் கிடையாது, இலைகள் விடும் ஈரமும் கிடையாது. வெயில் நேரே தரைக்கு.

காற்று கொஞ்சம் திரும்பித் தெற்கிலிருந்து வீசினால் எல்லாம் மாறும். கென்னடி விமான நிலையம் ஜமைக்கா விரிகுடாவின் கரையில் இருக்கிறது. வசந்த நாளில் தெற்குக் காற்று பிடித்தால் சென்ட்ரல் பார்க் கொதிக்கும்போதே அங்கே ஜாக்கெட் தேவைப்படும். இரண்டும் 'நியூயார்க்' என்றே திரையில் வரும்.

ஏன் வசந்தத்தில் மட்டும் இவ்வளவு அகலம்? கோணத்தைக் கணக்கிட்டால் பதில் தெரிகிறது. நியூயார்க் வட அட்சம் 40.8 டிகிரியில் இருக்கிறது. ஏப்ரல் 7 அன்று சூரியன் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 7 டிகிரி. ஆகவே உச்சிப்பொழுதில் அடிவானத்திலிருந்து 56 டிகிரி உயரத்தில் நிற்கும். பகல் நீளம் சுமார் 13 மணி. இதே உயரம், இதே பகல் நீளம் செப்டம்பர் 5 வாக்கில் மறுபடியும் வரும். அதாவது ஏப்ரல் 7-இன் வெயில் செப்டம்பர் முதல் வார வெயில்தான். ஆனால் மன்ஹாட்டன் தென்முனையில் கடல்நீர் ஏப்ரல் தொடக்கத்தில் 8 டிகிரி செல்சியஸை ஒட்டி, செப்டம்பர் தொடக்கத்தில் 22-ஐ ஒட்டி. வடக்கே கனடாவில் பனி இன்னும் கரையவில்லை. தெற்கே மெக்சிகோ வளைகுடா ஏற்கனவே சூடு. வெயில் செப்டம்பருக்கு வந்துவிட்டது, நீரும் வடக்குத் தரையும் இன்னும் தை மாதத்தில் இருக்கின்றன. காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பருவம் அன்றைக்கு. செப்டம்பரில் எல்லாத் திசையும் சூடாக இருப்பதால் இந்தச் சூதாட்டம் இல்லை.

சென்னையோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவு. சித்திரை பிறக்கும் வாரத்தில் வங்கக் கடல் 29 டிகிரியை ஒட்டி இருக்கும். எந்தத் திசையிலிருந்து காற்று வந்தாலும் குளிர்காற்று என்று ஒன்று வரப்போவதில்லை. அங்கே ஒரு நாளின் பகல் உச்சத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் ஒரே கேள்வி: கடற்காற்று எத்தனை மணிக்கு நுழைந்தது? பதினொன்றுக்கே வந்துவிட்டால் வெப்பம் அத்தோடு நிற்கும். இரண்டு மணி வரை மேற்குக் காற்று பிடித்துக்கொண்டால் சில டிகிரி கூடும். சென்னையின் ஏப்ரல் சாதனைகள் சில மணி நேரத் தாமதத்தின் கதை. நியூயார்க்கின் ஏப்ரல் சாதனைகள் ஆயிரக்கணக்கான மைல் காற்றோட்டத்தின் கதை. வசந்தம் என்ற ஒரே சொல்லால் இரண்டையும் அழைப்பது நம் வசதிக்காக.

இனி இடம். சென்ட்ரல் பார்க்கின் தினசரிப் பதிவு 1869-இல் தொடங்குகிறது. டேனியல் டிரேப்பர் என்பவர் நடத்திய வானாய்வகம், ஐந்தாவது அவென்யூவில் 64-ஆம் தெருவை ஒட்டிய ஆர்சனல் கட்டடத்தில் இருந்தது. தானாக வரைபடம் வரையும் கருவிகளை உருவாக்குவதில் அவருக்குப் பெயர். 1920 வாக்கில் நிலையம் 15 தெருக்கள் வடக்கே, பூங்காவின் நடுவே பாறை மேல் நிற்கும் பெல்வெடேர் கோட்டைக்கு மாறியது. பிறகு கருவிகள் கோட்டையை ஒட்டிய வேலியிட்ட தரைக்கு இறங்கின. 1990-களில் தானியங்கி நிலையம் பொறுப்பேற்றது. ஒரே பெயரில் ஓடும் ஒன்றரை நூற்றாண்டுப் பதிவு, உண்மையில் வெவ்வேறு இடங்களையும் வெவ்வேறு கருவித் தலைமுறைகளையும் ஒட்டுப்போட்டது. இது போதாதென்று, அரசு வானிலைத் துறைக்கு மன்ஹாட்டனின் தென்முனையில் தனி நகர அலுவலகமும் இருந்தது. பழைய நாளிதழில் '19-ஆம் நூற்றாண்டில் இத்தனை டிகிரி' என்று படித்தால் அது எந்த இடத்து எண் என்று பார்த்துவிட்டே சென்ட்ரல் பார்க் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். துறைமுகக் காற்று படும் இடத்தின் எண்ணைப் பூங்காவின் எண்ணோடு சேர்த்தால் கணக்கு கெடும்.

இப்போதைய இடத்துக்கும் ஒரு குறை உண்டு. சுற்றிலும் மரங்கள் வளர்ந்து நெருங்கிவிட்டதால் கோடையில் பகல் உச்சம் சுற்றுவட்டார விமான நிலையங்களைவிடக் கொஞ்சம் அடங்கியே வருகிறது என்று வானிலைக்காரர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். ஏப்ரல் தொடக்கத்தில் இலை இல்லாததால் அந்தக் குறை பெரிதாகத் தெரியாது. ஆகவே ஒரே நிலையத்தின் ஏப்ரல் எண்ணும் ஜூலை எண்ணும் ஒரே தராசில் எடுத்தவை அல்ல.

கருவியை நெருங்கிப் பார்க்கலாம். தானியங்கி வருவதற்கு முன் வெள்ளை மரப்பெட்டிக்குள் இரண்டு கண்ணாடி வெப்பமானிகள் கிட்டத்தட்டப் படுக்கை நிலையில் இருக்கும். பெட்டியின் பக்கங்கள் ஜன்னல் சட்டம்போலச் சரிவான பட்டைகள், காற்று போகும், வெயில் புகாது. உயரம் தரையிலிருந்து ஐந்தடி. அதிகபட்ச வெப்பமானியில் பாதரசம். குமிழுக்கு மேலே குழாய் ஓரிடத்தில் இறுகியிருக்கும். சூடேறும்போது பாதரசம் அந்த இடுக்கைத் தாண்டிப் போகும், குளிரும்போது திரும்பி வர முடியாமல் அறுந்து அங்கேயே நிற்கும். நம் வீட்டுக் காய்ச்சல் பார்க்கும் பழைய பாதரசக் குழாயும் இதே வேலைதான். படித்த பிறகு அதைச் சுழற்றிவிட்டுப் பாதரசத்தை இறக்க வேண்டும். மறந்தால்? நேற்றைய 70 பாரன்ஹீட் இன்றைக்கும் 70 என்று நிற்கும். பழைய ஏடுகளில் அடுத்தடுத்த இரண்டு நாள் ஒரே உச்சம் இருந்து, பக்கத்து நிலையங்களில் இரண்டாம் நாள் விழுந்திருந்தால் முதலில் இந்த மறதியைச் சந்தேகிக்க வேண்டும்.

குறைந்தபட்ச வெப்பமானியில் சாராயம். அதற்குள் இரு முனையும் தடித்த ஒரு சிறு கண்ணாடி ஊசி மிதக்கும். திரவம் சுருங்கும்போது அதன் மேற்பரப்பு ஊசியைக் கீழே இழுத்து வரும். விரியும்போது ஊசியை விட்டுவிட்டுக் கடந்து போகும். ஊசியின் மேல்முனை நிற்கும் இடம் இரவின் அடிமட்டம். இதன் நோய் வேறு: சாராயம் கொஞ்சம் ஆவியாகிக் குழாயின் மேல்கோடியில் துளியாக ஒட்டிக்கொள்ளும். அந்த அளவுக்குத் திரவத் தூண் குறையும், அது காட்டும் எண்ணும் குறையும். இல்லாத குளிர்ச் சாதனை ஒன்று பிறக்கும். மேல்கோடியில் துளி தெரிகிறதா என்று பார்ப்பது நல்ல கண்காணிப்பாளரின் அன்றாட வேலை. 1980-களில் வந்த மின்னணுக் கருவிகளில் ஒரு வகை எதிர்ப்பக்கம் பிசகியது: காற்றோட்டம் போதாமல் அரை டிகிரி அளவுக்குச் சூடாகக் காட்டிப் பிறகு திருத்தி வடிவமைக்கப்பட்டது.

கைகளும் தப்புச் செய்யும். 1-ஐ 7 என்றும் 3-ஐ 8 என்றும் படித்துத் தட்டச்சிடுவது எளிது. இதையெல்லாம் சரிபார்க்க வழி ஒன்றுதான்: அதே நாளில் சுற்றியிருக்கும் நான்கைந்து நிலையங்களைப் பக்கத்தில் வைப்பது. காற்றோட்டம் பெரிது, ஒரு நிலையத்தில் மட்டும் 20 டிகிரி கூடுவதோ குறைவதோ நடக்காது.

இடமும் கருவியும் சரி, 'நாள்' என்பது எது? வெளியிலிருந்து பார்ப்பவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். தேசிய வானிலைச் சேவையின் முதன்மை நிலையங்களில் நாள் என்பது நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை, ஆனால் நிலையான நேரப்படி. கோடைக்கால நேரத்துக்காகக் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளினாலும் வானிலை நாள் தள்ளாது. 1982-இல் கோடைக்கால நேரம் ஏப்ரல் கடைசி ஞாயிறன்றுதான் தொடங்கியது. அதனால் அந்த ஏப்ரல் 7, கைக்கடிகாரப்படியும் 12 முதல் 12 வரை. 2007 முதல் அது மார்ச் இரண்டாம் ஞாயிறிலேயே தொடங்கிவிடுகிறது. எனவே 2010-இன் ஏப்ரல் 7 என்ற வானிலை நாள் கைக்கடிகாரப்படி அதிகாலை 1 மணிக்குத் தொடங்கி மறுநாள் அதிகாலை 1 மணிக்கு முடிந்தது. பிற்பகல் உச்சத்துக்கு இது பெரிய விஷயமல்ல. ஆனால் நள்ளிரவை ஒட்டிக் குளிர்முகம் (வந்து புகும் குளிர்காற்றின் முன்விளிம்பு) கடந்துபோகும் நாளில் எண் தேதி மாறிவிடும்.

இன்னொரு விசித்திரம்: பகல் உச்சம் பகலில்தான் வரவேண்டும் என்ற கட்டாயமே இல்லை. நள்ளிரவு 12:05-க்கு 60 பாரன்ஹீட் இருந்து, குளிர்காற்று புகுந்து, பிற்பகலில் 40-க்கு மேல் ஏறாவிட்டாலும் அன்றைய அதிகபட்சம் 60 என்றே ஏட்டில் ஏறும். அன்று தெருவில் நடந்த யாரும் 60-ஐப் பார்த்திருக்க மாட்டார்கள். தன்னார்வலர்கள் நடத்தும் கூட்டுறவு நிலையங்களில் இது இன்னும் சிக்கல். காலை 7 மணிக்குப் படிப்பவர் எழுதும் அதிகபட்சம் பெரும்பாலும் நேற்றைய மதியத்துடையது, தேதி இன்றையது. மாலையில் படிப்பவருக்கு ஒரே வெப்ப அலையின் உச்சம் இரண்டு நாளுக்குக் கணக்காகும். நம்மூரிலும் இதே கதை உண்டு: இந்திய வானிலைத் துறையின் மழைக்கணக்கு காலை 8:30 முதல் மறுநாள் காலை 8:30 வரை. ஏப்ரல் 7 என்று போட்ட மழையில் பெரும்பகுதி 6-ஆம் தேதி பெய்ததாக இருக்கலாம். நியூயார்க்கின் ஒரு தேதியையும் சென்னையின் அதே தேதியையும் மழையில் ஒப்பிடுபவர் 24 மணி நேரத்தின் இரண்டு வேறு துண்டுகளை ஒப்பிடுகிறார்.

பனி அளப்பது இன்னும் மனித வேலைதான். சுமார் இரண்டடிக்கு இரண்டடி வெள்ளைப் பலகை ஒன்றைத் திறந்த தரையில் வைத்து, விழுந்த பனியில் அளவுகோலைச் செங்குத்தாக இறக்கி, அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு வரை படிக்கிறார்கள். படித்தபின் பலகையைத் துடைக்கலாம், ஆனால் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறைக்கு மேல் துடைக்கக் கூடாது. பனி தன் எடையிலேயே அமுங்கும். மணிக்கு ஒருமுறை துடைத்துக் கூட்டினால் அமுங்காத பனியையே கூட்டிக்கொண்டு போவோம், மொத்தம் ஊதிவிடும். 2016 ஜனவரிப் புயலில் இரண்டு விதமான பிழைகள் வந்தன. சென்ட்ரல் பார்க்குக்கு முதலில் 26.8 அங்குலம் என்று அறிவிக்கப்பட்டது, 2006-இன் 26.9 சாதனைக்கு 0.1 அங்குலம் குறைவு. பிறகு ஆராய்ந்தபோது அளந்தவர்களுக்கும் எண்ணை வாங்கி எழுதியவர்களுக்கும் இடையே தகவல் பிசகியது தெரிந்து, 27.5 என்று திருத்தினார்கள். நகரத்தின் முழுச் சாதனையே மாறிப்போனது. அதே ஆய்வில் பக்கத்து நெவார்க் விமான நிலைய எண், அடிக்கடி துடைத்து அளந்தது என்பதால் ஏற்கப்படவில்லை. ஏப்ரல் பனியில் இன்னொரு தொல்லை: மேலே விழ விழ அடியில் உருகும். பலகையில் நின்றது எவ்வளவு, விழுந்தது எவ்வளவு என்பது அளந்த நேரத்தைப் பொறுத்தது.

சாதனைகள் எவ்வளவு அடிக்கடி உடைய வேண்டும்? காலநிலை மாறவே இல்லை என்று வைத்துக்கொண்டால் கணக்கு எளிது. முதல் ஆண்டு எதுவாக இருந்தாலும் சாதனை. இரண்டாம் ஆண்டு அதை மிஞ்ச வாய்ப்பு இரண்டில் ஒன்று. மூன்றாம் ஆண்டு மூன்றில் ஒன்று. 150-ஆம் ஆண்டு 150-இல் ஒன்று. இந்தப் பின்னங்களைக் கூட்டினால் 150 ஆண்டில் ஒரு தேதிக்கு ஐந்தரைச் சாதனை தேறும். அவற்றில் பெரும்பாலானவை ஆரம்ப ஆண்டுகளிலேயே முடிந்துவிடும். இன்னொரு பக்கம், ஆண்டுக்கு 365 தேதிகள். ஒவ்வொன்றுக்கும் 150-இல் ஒரு வாய்ப்பு என்றால் ஆண்டுக்கு இரண்டு அல்லது மூன்று தேதிகளில் புதிய வெப்பச் சாதனை, அதே அளவு குளிர்ச் சாதனை வருவது சகஜம். ஆகவே 'இன்று சாதனை வெப்பம்' என்ற ஒற்றைச் செய்தி காலநிலை மாற்றத்தைப் பற்றி எதையும் நிரூபிப்பதில்லை. 1982-இன் பனி எதையும் பொய்யாக்குவதுமில்லை.

பார்க்கவேண்டியது இரண்டு வகைக்கும் உள்ள விகிதம். காலநிலை அசையாமல் இருந்தால் அது ஒன்றுக்கு ஒன்று. அமெரிக்கா முழுவதும் 1950 முதல் தரவுள்ள நிலையங்களை வைத்துப் பார்த்ததில், 2000 முதல் 2009 வரையிலான பத்தாண்டில் ஒவ்வொரு குளிர்ச் சாதனைக்கும் ஏறத்தாழ இரண்டு வெப்பச் சாதனைகள். தேதியை விட்டு விகிதத்தைப் பிடித்தால்தான் விஷயம் கைக்கு வரும். நகரத்துக்குள் இன்னொன்றும் சேர்கிறது: கல்லும் சிமென்ட்டும் பகல் சூட்டை இரவில் விடுவதால் இரவுக் குறைவுகள்தான் அதிகம் உயரும். சென்ட்ரல் பார்க்கின் அடிமட்டச் சாதனை 1934 பிப்ரவரி 9-இன் பூஜ்யத்துக்குக் கீழ் 15 பாரன்ஹீட் (-26 செல்சியஸ்). 90 ஆண்டுகளாக அசையவில்லை. ஏப்ரல் மாதத்துக்கான குளிர் உச்சம் 1923 ஏப்ரல் 1-இன் 12 டிகிரி; வெப்ப உச்சம் 1976 ஏப்ரல் 18-இன் 96.

சொந்தமாகத் தேட விரும்புகிறவர்களுக்கு: தேசிய வானிலைச் சேவையின் நியூயார்க் அலுவலகத் தளத்தில் 'நவ்டேட்டா' என்ற பகுதி இலவசம். இடமாகச் சென்ட்ரல் பார்க்கைத் தேர்ந்தெடுத்து, நாள்வாரிப் பஞ்சாங்கம் போன்ற தேர்வை எடுத்து, தேதியைக் கொடுத்தால் அன்றைய சராசரியும் சாதனைகளும் ஆண்டுகளோடு வரும். மூலத் தரவையே இறக்கிக்கொள்ள நினைத்தால் நிலைய எண்ணைக் கவனிக்க வேண்டும். சென்ட்ரல் பார்க் 94728. கென்னடி விமான நிலையம் 94789. இரண்டு இலக்கம் கண்ணில் மாறினால் பூங்காவுக்குப் பதில் கடற்கரை வந்து நிற்கும். உலகளாவிய தினசரிக் கோப்பில் வெப்பநிலை செல்சியஸின் பத்தில் ஒரு பங்கில் இருக்கும், புள்ளி இருக்காது. 2010-இன் 92 அங்கே 333 என்று நிற்கும். 1982-இன் 21, -61 என்று. 333-ஐ பாரன்ஹீட்டாக்கினால் 91.94 வரும். 'சாதனை 91.94' என்று எழுதக் கூடாது, ஏனென்றால் மூலத்தில் எழுதியது முழு எண் 92 மட்டுமே. -9999 என்று வந்தால் அது தரவு இல்லை என்பதன் அடையாளம். சராசரி எடுக்கும்முன் நீக்காவிட்டால் நியூயார்க் செவ்வாய்க் கிரகமாகிவிடும். மழைப் பத்தியில் 'டி' என்ற எழுத்து வந்தால் தூறல் விழுந்தது, ஆனால் நூறில் ஒரு அங்குலம்கூடத் தேறவில்லை என்று பொருள். அது வெறும் பூஜ்யமல்ல. சாதனை ஆண்டின் பக்கத்தில் கூட்டல் குறி இருந்தால் முந்தைய ஆண்டிலும் அதே எண் எட்டப்பட்டிருக்கிறது, காட்டுவது கடைசி ஆண்டை.

கைபேசிச் செயலிகள் காட்டும் 'இதே நாளில் அன்று' எண்கள் பல நேரம் எந்த நிலையத்தின் அளவும் அல்ல. பழைய வானிலையைக் கணினி மாதிரியில் மறுபடி ஓட்டி, சுமார் 30 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துத் தருபவை. நியூயார்க் மேல் விழும் கட்டத்தில் பாதி தண்ணீராக இருந்தால் வசந்தத்தில் 8 டிகிரி நீரின் குளிர் அந்த எண்ணில் கலந்துவிடும், உச்சங்கள் மழுங்கும். சாதனை தேடுவோருக்கு அது உதவாது.

பயணத்துக்கோ நிகழ்ச்சிக்கோ ஏப்ரல் 7-ஐப் பார்ப்பவருக்குச் சாதனை வரிகளைவிட வேறொன்று பயன்படும். 7-ஆம் தேதியை நடுவில் வைத்து முன்னும் பின்னும் ஏழேழு நாள் சேர்த்து 15 நாள் சாளரம் எடுங்கள். கடைசி 30 ஆண்டுக்கு எடுத்தால் 450 பகல் உச்சங்கள் கிடைக்கும். அவற்றை வரிசைப்படுத்தி அடியிலிருந்து 45-ஆவதையும் மேலிருந்து 45-ஆவதையும் குறித்துக்கொண்டால், பத்தில் எட்டு நாள் அந்த இரண்டுக்கும் நடுவே விழுந்திருக்கிறது. பெட்டியில் எந்தச் சட்டை என்பதை அந்த இரண்டு எண்களை வைத்து முடிவு செய்யலாம். பந்தல் போடலாமா, மைதானத்தை முன்பதிவு செய்யலாமா என்பவர்தான் 21-ஐயும் 92-ஐயும் ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.